இரண்டு நாள் காஞ்சி: பேரப்பிள்ளைகளுக்கு ஒரு க்ஷேத்திர தரிசனம்

வெள்ளிக்கிழமை இரவு வாசலில் வண்டி வந்து நிற்கும். பெங்களூரில் பணிபுரியும் மகன், விடுமுறைக்கு அயல்நாட்டிலிருந்து வந்திருக்கும் மகள், பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறையும். ஞாயிறு இரவு அதே வண்டி புறப்பட்டுவிடும். இடையில் இருப்பவை இரண்டே பகல்கள். காஞ்சிபுரத்தில் வாழும் தாத்தா பாட்டிகளுக்கு ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே வாய்க்கும் பேறு இது.

அந்த இரண்டு பகல்களில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதே பெரியவர்களின் கவலை. முக்தி தரும் ஏழு நகரங்களுள் ஒன்று காஞ்சி. இந்நகர எல்லைக்குள் மட்டும் 14 திவ்விய தேசங்கள் இருக்கின்றன. பாடல் பெற்ற சிவத்தலங்கள் வேறு. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, கோயில் கோயிலாக ஏறி இறங்கினால், நண்பகலுக்குள் குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். பெரியவர்களின் முழங்கால்களும் முறையிடத் தொடங்கிவிடும். மறுநாள் எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் விடை வராது.

அனுபவமுள்ள பெரியோர் வேறொரு முறையைக் கையாளுகிறார்கள். சில இடங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு செய்தி, ஒரு கதை. அதற்கு மேல் சொல்வதில்லை. விதை விழுந்தால் போதும், முளைப்பதை இறைவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அது.

சனி காலை: மணற்கல்லில் ஒரு கயிலாயம்

முதலில் செல்ல வேண்டியது கைலாசநாதர் கோயில். நகரின் மேற்கே, பெருங்கூட்டம் இல்லாத அமைதியான சூழலில் அமைந்த இத்தலத்தைக் கல் சுடுவதற்கு முன் காலையிலேயே தரிசிப்பது நல்லது. இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்றளி இது. திருச்சுற்றின் நாற்புறமும் 58 சிறு சந்நிதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பல்லவர் காலத்து ஓவியங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். மூலவர் பதினாறு பட்டைகளுடன் கூடிய லிங்கத் திருமேனி.

கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய பாதையில் தவழ்ந்து நுழைந்து வெளிவருவோருக்கு மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. பேரப்பிள்ளைகளுக்கு இது பெரும் உற்சாகம். முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உள்ள பெரியவர்கள் இதற்கு முயல வேண்டியதில்லை. நந்தியின் அருகே அமர்ந்து, குழந்தைகள் உள்ளே சென்று மறுபுறம் வெளிப்படுவதைப் பார்த்திருப்பதும் ஒரு தரிசனமே.

இங்கே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பகைவனாகப் படையெடுத்து வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். வென்றவன் கோயில் செல்வத்தை வாரிச் செல்வது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. இக்கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்ட அவன் அதனைக் கைக்கொள்ளாமல் இறைவனுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் இக்கோயில் தூணிலேயே பொறித்து வைத்தான். பெங்களூரில் வளரும் குழந்தைகளாயின், அந்தக் கன்னட எழுத்தைத் தேடிப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி அடைவார்கள். பகைவனையும் கைகூப்ப வைத்த கோயில் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

நேரமிருந்தால் பூசலார் நாயனாரின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளிலேயே, திருநின்றவூரில் ஏழை அடியார் ஒருவர் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, தாம் முதலில் பூசலார் கோயிலுக்குச் செல்வதாகச் சொல்லிவிட்டார். அம்மன்னன் கட்டியது இக்கோயிலே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கருத்து. கல்லால் கட்டியதன் முன்னே நின்றுகொண்டு, மனத்தால் கட்டியதைப் பற்றிக் கேட்கும் குழந்தை அதை எளிதில் மறப்பதில்லை.

பன்னிரண்டு வயது மன்னன்

அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில். பரமேசுவர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்விய தேசம். நின்ற, இருந்த, கிடந்த திருக்கோலங்களில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் மூன்று தளங்கள் கொண்ட விமானம் இதன் சிறப்பு. சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்றின் சுவரில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

பேரனுக்கோ பேத்திக்கோ பன்னிரண்டு வயது என்றால், இங்கு சொல்ல வேண்டிய கதை தயாராகவே இருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி மறைந்தபோது, காஞ்சியின் பெரியோர்கள் அரச மரபின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனைத் தேடிச் சென்றனர். அவருடைய மூத்த புதல்வர்கள் அரச பாரத்தை ஏற்க முன்வரவில்லை. இளையவன் பல்லவமல்லன் முன்வந்தான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. பாசத்தால் தந்தை தயங்கினார். பின்னர் மனம் தேறி விடைகொடுத்தார். மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து காஞ்சிக்கு வந்த அச்சிறுவன், இரண்டாம் நந்திவர்மனாக முடிசூடி நெடுங்காலம் ஆண்டான். இக்கோயிலைக் கட்டியவனும் அவனே.

இந்தக் கதையைக் கேட்கையில் குழந்தைகளின் கண்கள் சிறுவனைத் தேடும். பெரியவர்களின் மனமோ வாசலில் நின்று மகனுக்கு விடைகொடுத்த அந்தத் தந்தையிடம் சென்று நிற்கும். விமான நிலையத்தில் பிள்ளைகளை வழியனுப்பிய பெற்றோருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பகலுக்கு முன் அன்னை காமாட்சியின் சந்நிதியை அடைந்துவிட வேண்டும். நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பார்கள். பத்மாசனத்தில் அமர்ந்து, கரும்பு வில்லும் மலர் அம்பும் பாசமும் அங்குசமும் ஏந்திய திருக்கோலம். அம்பிகையின் திருமுன் உள்ள ஸ்ரீசக்கரத்தை ஆதிசங்கரர் பிரதிஷ்டை செய்தார் என்பது மரபு. காஞ்சியின் சிவாலயங்களில் அம்பிகைக்குத் தனிக் கருவறை இல்லை, எல்லோருக்கும் தாய் இவள் ஒருத்தியே என்று பாட்டி சொல்லிவிட்டால் போதும். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் இடையே குமரகோட்டம் இருக்கிறது. தந்தைக்கும் தாய்க்கும் நடுவே குழந்தை முருகன் அமர்ந்த சோமாஸ்கந்தக் கோலத்தில் நகரமே அமைந்திருக்கிறது என்பார்கள். கந்தபுராணத்தைக் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றியதும் அந்தக் குமரகோட்டத்திலேதான்.

பிற்பகல்: தறியின் ஓசை

உணவும் சற்று ஓய்வும் முடிந்த பின், பட்டுக் கடைக்குப் போகலாம் என்ற பேச்சு எழும். கடைக்கு முன் ஒரு தறியைக் காட்டிவிடுவது உத்தமம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் குடியிருப்புகளில் சில தெருக்களில் இன்றும் தறியின் ஓசை கேட்கிறது. தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொண்டு, வெறுங்கையுடன் செல்லாமல் பூவும் பழமும் கொண்டு செல்வது முறை. அவர் சம்மதமின்றிப் புதிய வடிவங்களைப் படமெடுப்பது தவறு. அந்த வடிவமே அவருடைய பிழைப்பு.

தேவர்களுக்கு ஆடை நெய்த மார்க்கண்டேய முனிவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது இந்நகர நெசவாளர்களின் நம்பிக்கை. தாமரை நூலில் அவர் ஆடை நெய்தாராம். இன்றைய பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன்மேல் தங்கம் பூசியது. நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஓர் இழை கூடுகிறது.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை பிணைந்திருக்க வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்குவது பழைய முறை. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாகவோ பிள்ளையாகவோ இருக்கும். ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகலாம், வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு மாதமும் ஆகலாம். 2005-ஆம் ஆண்டு காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் பக்கத்தில் அமர்ந்து நாடா கொடுக்கும் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். அவர்களும் படித்து, வேலை தேடி வேற்றூர் செல்கிறார்கள். அதைக் குறை சொல்லும் உரிமை, தம் பிள்ளைகளை அவ்வாறே அனுப்பிய எவருக்கும் இல்லை.

சேலை வாங்குவோர் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களை முதலில் பார்க்கலாம். கோயில் வாசலில் அணுகி, குறிப்பிட்ட கடைக்கு அழைத்துச் செல்லும் தரகர்களின் சொல்லை நம்பிச் செல்ல வேண்டாம். தறியைப் பார்த்துவிட்டு வந்த பேத்தி, கடையில் சேலையின் விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கமாட்டாள். கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பாள்.

மாலை: மாமரத்தடியில்

சனி மாலை ஏகாம்பரநாதர் சந்நிதி. 192 அடி உயரமுள்ள ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. பஞ்சபூதத் தலங்களுள் இது பிருத்வித் தலம். அன்னை மணலால் லிங்கம் அமைத்துப் பூசித்தபோது, கம்பை ஆறு பெருக்கெடுத்து வந்தது. லிங்கம் கரைந்துவிடுமோ என்று அஞ்சிய அன்னை அதனை இறுகத் தழுவிக்கொண்டாள். மணல் லிங்கமாதலால் மூலவருக்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை, ஆவுடையாருக்கே செய்கிறார்கள்.

நான்கு கிளைகளில் நான்கு சுவையுள்ள கனி தருவதாகப் போற்றப்படும் தல விருட்சமான மாமரத்தைச் சுற்றி வரலாம். இங்கே சொல்ல வேண்டிய கதை சுந்தரருடையது. சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறியதால் இரு கண்களின் பார்வையையும் இழந்த சுந்தரர், இத்தலத்தில் இடக்கண் பார்வையையும், பின்னர் திருவாரூரில் வலக்கண் பார்வையையும் பெற்றார். இரண்டையும் ஒரே இடத்தில் ஏன் தரவில்லை என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். நடந்து வரட்டும் என்றுதான் என்று தாத்தா விடை சொல்லலாம். கண்புரை அறுவைக்குப் பின் ஒரு கண் தெளிந்து, மறு கண்ணுக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் பெரியோர் இச்சந்நிதியில் சற்றுக் கூடுதலாக நிற்பார்கள்.

ஞாயிறு காலை: குடவோலை கண்ட ஊர்

மறுநாள் நகரை விட்டு வெளியே. காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உத்திரமேரூர். பாலாற்றைக் கடந்ததும் வயல்களும் ஏரிகளும் பனைமரங்களும் தொடர்ந்து வரும். ஆறு பெரும்பாலும் மணலாகவே காட்சி தரும். மழைக்காலத்துக்குப் பின் சென்றால் நீரையும், ஏரிகளில் கொக்கு நாரைகளையும் காணலாம்.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊராட்சி விதிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் ஆண்டுகள் கி.பி. 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, அனைவர் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று குழுக்கள் அமைந்தன.

தகுதி விதிகள் கடுமையானவை. சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் நிலமும், வேதக் கல்வியும் வேண்டும். முதல் கல்வெட்டு வயது வரம்பை 30 முதல் 60 என்று வைத்தது. இரண்டே ஆண்டுகளில் அதனை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். முந்தைய மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவர் மீண்டும் வரக்கூடாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது. ஒருவன் கணக்குக் காட்டத் தவறினால் அந்தக் களங்கம் அவன் சுற்றத்தார் அனைவரையும் தீண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் கல்லில் எழுதி வைத்தது. அதுவும் பெருமாள் கோயில் சுவரில், இறைவன் சாட்சியாக. அலுவலகத்தில் உயர் பொறுப்பிலிருக்கும் மகனும் மருமகளும் இதனைக் குழந்தைகளோடு சேர்ந்து கேட்பது மிக நன்று.

அதே ஊரில் சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் சேவிக்க வேண்டும். மூன்று தளங்களில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களோடு ஒன்பது மூர்த்திகளாகப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். மேல்தளம் ஏற இயலாதவர்கள் கீழே சுந்தரவரதரைச் சேவித்து நிறைவு கொள்ளலாம்.

மூன்று ஆறுகள் கூடுமிடம்

திரும்பும் வழியைச் சற்றே மாற்றி, திருமுக்கூடல் வழியாக வரலாம். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் கரையில் அமைந்தது வேங்கடேசப் பெருமாள் கோயில். எதிர்க்கரையில் பழைய சீவரத்தின் குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர் கோயில் தெரியும். பொங்கல் நாள்களில் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக இங்கு எழுந்தருளுவது கண்கொள்ளாக் காட்சி.

இக்கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினொன்றாம் நூற்றாண்டில் இக்கோயிலைச் சார்ந்து வேத பாடசாலையும், மாணவர் விடுதியும், ஆதுலசாலையும் நடைபெற்றதை அது விரித்துரைக்கிறது. ஆதுலசாலை என்பது மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

கோயில் என்றால் கும்பிட்டுத் திரும்பும் இடம் என்று மட்டும் அறிந்த குழந்தைகளுக்கு இது புதிய செய்தி. பசித்தவனுக்குச் சோறும், படிப்பவனுக்கு இடமும், நோயுற்றவனுக்குப் படுக்கையும் பெருமாள் சந்நிதியிலிருந்தே புறப்பட்டன. மாத்திரைப் பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் பெரியவர்கள் அந்தச் சுவரை நன்றியோடு தொட்டு வணங்குவதில் வியப்பில்லை.

ஞாயிறு மாலை: அத்திகிரி

இறுதித் தரிசனத்தை வரதராஜப் பெருமாளுக்கென்று வைத்துக்கொள்வது வழக்கம். வேடர் தம்பதியாக வந்து ராமானுஜரை விந்தியக் காட்டிலிருந்து காஞ்சிக்கு அழைத்து வந்த பெருமாளும் தாயாரும் அவர்களே. தாகமென்று கேட்ட அத்தம்பதிக்கு ராமானுஜர் சாலைக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அந்தக் கிணற்று நீரைப் பெருமாளுக்குச் சுமந்து வருவதையே கைங்கரியமாக ஏற்றார். நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலிகளைக் காட்டி, அத்திகிரியின் 24 படிகளை மெல்ல ஏறிப் பெருமாளைச் சேவித்து, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் குடலை இட்டிலிப் பிரசாதம் கிடைத்தால் அதையும் பங்கிட்டுக்கொண்டு, இறுதியில் அனந்தசரஸ் திருக்குளக் கரைக்கு வர வேண்டும்.

இக்குளத்தின் நீருக்கடியில் அத்திவரதர் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து 48 நாள் காட்சி தருகிறார். 1939, 1979, அதன்பின் 2019. அவ்வாண்டு ஜூலை மாதம் சயனக் கோலத்திலும், ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து நின்ற கோலத்திலும் சேவை சாதித்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து வணங்கினர். ஆகஸ்ட் 17 அன்று மீண்டும் திருக்குளத்தினுள் எழுந்தருளினார்.

சின்ன காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் இந்த ஆண்டுகளே குடும்பத்தின் கணக்கு. 1939-இல் சேவித்தவர் தாத்தாவின் தந்தை. 1979-இல் வரிசையில் நின்றவர்கள், அப்போது இளம் தம்பதியாக இருந்த இன்றைய தாத்தா பாட்டி. 2019-இல் முதியோருக்கான வழியில் மெல்ல நடந்து சென்றவர்களும் அவர்களே. அடுத்த சேவை 2059-இல்.

கூட்டிப் பார்க்கக் குழந்தைகளுக்கு நேரமாகாது. "அப்போது எனக்கு இத்தனை வயது ஆகும்" என்று பேரன் உடனே சொல்லிவிடுவான். அடுத்த கேள்வியை அவன் கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொள்வான். தாத்தாவின் வயதோடு நாற்பதைக் கூட்ட அவனுக்கும் தெரியும்.

அந்த இடத்தில் சொல்ல வேண்டிய சொற்களைக் காஞ்சியின் பெரியோர் எப்போதோ ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். "நீ வரும்போது உன் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வா. கைலாசநாதரில் அந்தக் கன்னட எழுத்தைக் காட்டு. உத்திரமேரூர்க் கணக்கைச் சொல். பிறகு இங்கே வந்து, எங்களுக்காகவும் ஒருமுறை சேவித்துக்கொள்."

குளத்து நீரைச் சற்றே தலையில் தெளித்துக்கொண்டு எல்லோரும் எழுவார்கள். இரவு வண்டி புறப்படும். வாசல் விளக்கை அணைக்காமல் சிறிது நேரம் நின்றுவிட்டு, தாத்தாவும் பாட்டியும் உள்ளே செல்வார்கள். இரண்டு பகல்களில் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தாயிற்று. மிச்சத்தை வரதர் பார்த்துக்கொள்வார்.